பூட்டி வைத்த பாருகள்

முட்டம் கடற்கரையில் வள்ளம் வந்து சேர்ந்ததும் எல்லாரும் மீனை இறக்குவார்கள். லிஜின் மட்டும் முதலில் ஜிபிஎஸ்சை இறக்குவான். அதைக் கழற்றி, ஒரு பழைய துவர்த்துத் துண்டில் சுற்றி, மூடி இறுகிய டப்பாவுக்குள் வைத்து, மணலில் காத்து நிற்கும் பெண்சாதி ரெஜிஷாவின் கையில் கொடுப்பான். அவள் யாரோடும் நின்று பேசாமல் நேரே வீட்டுக்குப் போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் களவாவும் வெளமீனும் வள்ளத்தை விட்டு இறங்கும்.

இதை நாள்தோறும் பார்த்து வயிறெரிந்தவள் குளோரி, லிஜினின் அண்ணன் பிரைட்டனின் மனைவி.

கடலுக்கடியில் அங்கங்கே பாறைக்கூட்டங்கள் உண்டு. பாரு என்பார்கள். விலைபோகிற மீனெல்லாம் பாருக்கு மேலேதான் மேயும். ஒரு பாரைக் கண்டுபிடித்து அந்த இடத்தை ஜிபிஎஸ்சில் பாயிண்டாகப் பதிந்துவிட்டால், எந்த மூடுபனியிலும் அதே இடத்துக்கு வந்து தூண்டில் போடலாம். இன்னொருத்தன் கைக்கு அந்த ஜிபிஎஸ் போனால் அவனும் வரலாம். அதனால் கடற்கரையில் மனிதர்கள் தாலிச்சங்கிலியை மறந்து வைத்தாலும் வைப்பார்கள், ஜிபிஎஸ்சை மறந்து வைக்கமாட்டார்கள். அதிலும் லிஜின் ஒரு படி மேலே. வள்ளத்துக்கு ஆள் எடுப்பதுகூட உள்ளூரில் இல்லை. இந்தக் கரையில் சொந்தபந்தம் இருந்தால் பேச்சு கசியும் என்று, கிழக்கே எங்கோ இருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து வைத்திருந்தான். வள்ளத்தை நேராகப் பாருக்கு விடவும் மாட்டான். மேற்கே போவதுபோல் போக்குக் காட்டி, பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் திருப்புவான்.

குளோரி ஏலத்தில் மீன் எடுத்துப் புதுக்கடைச் சந்தையில் விற்கிறவள். விடிந்தால் ஐஸ் பெட்டி, வேன், சந்தை, பேரம். எத்தனை சோப்பு போட்டாலும் கையில் மீன் வாசம் போகாது. ரெஜிஷாவின் கையில் பவுடர் வாசம். வீட்டுக்கு டைல்ஸ், சமையலறைக்குக் கிரைண்டர், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு சேலை, திருநாளுக்கு வேறொரு சேலை. ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டு பேரைக் கட்டிக்கொண்ட இரண்டு பெண்களில் ஒருத்தி இப்படியும் ஒருத்தி அப்படியுமாக இருந்தால் மனசு எப்படி ஆறும்? குளோரிக்கு ஆறவில்லை. அதை அவள் மறைத்ததும் இல்லை.

ஒருநாள் சாப்பாட்டுவேளை. மரச்சீனிக் கிழங்கும் மலிவு விலைச் சாளைமீன் கறியும்.

"ஒங்களுக்க தம்பிக்கு இன்னைக்கிக் களவா பாத்தியளா? ரெண்டு ஆளு புடிச்சித் தூக்கினானுவ."

"நல்லதுதான?" என்றான் பிரைட்டன்.

"நல்லதுதான். நமக்குச் சாளை. அதுவும் நல்லதுதான்."

"கெழங்கு இன்னும் கொஞ்சம் இருக்கா?"

"ஒங்களுக்குக் கெழங்கு இருந்தா போரும். எந்தப் பாருல நிக்கியான்னு தம்பிட்ட ஒரு வார்த்த கேட்டா நாக்கு தேஞ்சா போவும்?"

"கேக்கப்பிடாதுட்டி. அவன் தேடிக் கண்டுபிடிச்சது, அவனுக்க சொத்து."

"அப்பனுக்க பாரெல்லாம் நீங்க அவனுக்குக் காட்டிக் குடுத்தியளே, அது யாருக்க சொத்து?"

"அது அப்பனுக்க சொத்து. கறிய இஞ்ச தள்ளு."

குளோரி கறிச்சட்டியைத் தள்ளிய வேகத்தில் கொஞ்சம் தரையில் சிந்தியது. தம்பியை முதன்முதலாகக் கடலுக்குக் கூட்டிப்போய், அப்பன் விட்டுப்போன பாருகளையெல்லாம் ஒளிக்காமல் காட்டிக்கொடுத்தவன் பிரைட்டன். அந்தப் பாருகள் இப்போது மீன் வற்றிக் கிடந்தன. தம்பி புதிய பாருகளைத் தேடிப் பிடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். இந்தக் கணக்கைத்தான் குளோரி வேனில் போகும்போதும் வரும்போதும் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்கும்போது லிஜினின் ஜிபிஎஸ்சில் பொத்தான் கெட்டது. உப்புக்காற்றில் மேல் ரப்பர் கிழிந்து, ஒன்றை அமுக்கினால் இன்னொன்று விழுந்தது. பழுது பார்க்கத் தக்கலைக்குக் கொண்டுபோக வேண்டும். கடையில் கொடுத்துவிட்டு நாளைக்கு வாங்கிக்கொள்கிற வழக்கம் கடற்கரையில் கிடையாது. கடைக்காரர்கள் பாயிண்டுகளை உருவி வேறு கரைக்காரனுக்கு விற்றுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. நடந்ததோ நடக்கவில்லையோ, பேச்சு உண்டு. அதனால் ஆள் கூடவே உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்து, கையோடு வாங்கி வரவேண்டும். லிஜினுக்குக் கணவாய் மீன் ஓடுகிற சமயம், கரையில் நிற்க மனசில்லை. அன்றைக்கு அண்ணனின் பழைய ஜிபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, அப்பன் காலத்துப் பாரொன்றில் தூண்டில் போடலாம் என்று கிளம்பினான். பெண்சாதியைத் தக்கலைக்கு அனுப்பினான். அவள் மூன்று மாதக் கர்ப்பம். துணைக்கு ஆள் வேண்டுமே.

"மயினி கூடப் போறியளா? நீங்க இருந்தா எனக்குத் தைரியம்," என்று அவனே வீட்டுக்கு வந்து கேட்டான்.

போகமாட்டேன் என்று சொல்ல குளோரிக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்தில் அவள் மனசில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் நம்பவேண்டும். தக்கலையில் ஒரு தூக்குப்பாத்திரம் வாங்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சிவதாணு என்பவருடைய கடை. ஒற்றை அறை. ரெஜிஷா முக்காலியில் உட்கார்ந்து, அவர் விரல் போகிற இடமெல்லாம் கண்ணை ஓட்டினாள். அவர் எழுந்து வேறு திருகாணி எடுக்கப் போனாலும் இவளும் எழுந்தாள்.

"எம்மா, நான் மீன்புடிக்கப் போவ மாட்டேன். எனக்குக் குளிச்சாலே சளி புடிக்கும்," என்று சிவதாணு சிரித்தார்.

ரெஜிஷா சிரிக்கவில்லை. ரப்பர் மாற்றி, ஈயம் பற்றவைத்து, ஒருவழியாக வேலை முடிந்தது. ஈயப்புகை அந்தச் சின்ன அறையில் நின்றது. ரெஜிஷாவுக்கு வயிற்றைப் புரட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தவள், டப்பாவோடு ஜிபிஎஸ்சைக் குளோரியின் மடியில் வைத்தாள்.

"அக்கா, இதப் புடிங்க. கைய விட்டு வைக்காதிங்க. அந்த ஆளு கேட்டாலும் குடுக்காதிங்க, கேட்டியளா?"

அவள் பக்கத்து ஓட்டலின் பின்பக்கக் குழாயைத் தேடி ஓடினாள். சிவதாணு மதியச் சோற்றுப்பாத்திரத்தைத் திறந்து சுவரைப் பார்க்க உட்கார்ந்தார். குளோரி கடைவாசலில் வெளிச்சத்துக்கு வந்து நின்றாள். அதே மாதிரி ஜிபிஎஸ்தான் தன் வீட்டிலும். பிரைட்டனுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. அதனால் பாயிண்டுக்குப் பெயர் அடித்துக் கொடுப்பது பத்தாம் வகுப்பு படித்த குளோரியின் வேலை. எந்தப் பொத்தானை அமுக்கினால் எது வரும் என்று அவளுக்குத் தெரியும். அமுக்கினாள். அந்தோணியார், சவேரியார், சூசையப்பர், செபஸ்தியார் என்று பாருக்கொரு புனிதர் பெயர். ஒவ்வொரு பெயருக்குள்ளும் கடலில் அந்த இடத்தின் எண்கள். அவளுடைய கூடப்பிறந்த தம்பி துபாயிலிருந்து அனுப்பிய போனில் கேமரா இருந்தது. ஒன்றொன்றாகத் திறந்து படம் எடுத்தாள். ஒரு படம்கூடக் கலங்கலாக விழவில்லை. பிறகு நினைத்துப் பார்த்தபோது அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ரெஜிஷா முகத்தைத் துடைத்தபடி வந்தாள். "அவருட்டக் குடுத்தியளா?"

"இல்ல மக்கா. எனக்க கையிலதான் இருந்து."

"ஒங்கள நம்பித்தான் போனேன் அக்கா. வீட்ல இவருட்ட இத நான் கைய விட்டேன்னு மட்டும் சொல்லிராதிங்க. கொன்னுருவாரு."

பஸ் ஸ்டாண்டில் ரெஜிஷா அவளுக்கு எலுமிச்சை பிழிந்த நாரங்காவெள்ளம் வாங்கிக் கொடுத்தாள். குளோரி அதைக் குடித்தாள். இனித்தது. தூக்குப்பாத்திரம் வாங்க மறந்துபோனாள்.

திருடியதைப் பயன்படுத்த முடியாத திருடியாக இருப்பது எவ்வளவு அவஸ்தை என்று அதற்குப் பிறகுதான் குளோரிக்குத் தெரிந்தது. பிரைட்டனிடம் காட்டினால்தானே வள்ளம் போகும்? ஒருநாள் மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"லிஜினுக்க பாயிண்ட யாராவது ஒங்களுக்குத் தந்தா போவியளா?"

"தந்தவனுக்கக் கைய முறிப்பேன்."

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

"பேச்சுக்கும் கேக்காத."

ஆகவே படங்கள் போனுக்குள்ளேயே கிடந்தன. ஊரில் யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று பயந்து, மகள் ஸ்கூலிலிருந்து வந்ததும் கேட்டுத் தெரிந்துகொண்டு போனுக்கு ஒரு ரகசிய எண் போட்டாள். சந்தையில் இடுப்பிலேயே செருகி வைத்தாள். குளிக்கப் போனாலும் கொண்டுபோனாள். ரெஜிஷா பீரோவில் வைத்துப் பூட்டினாள், இவள் இடுப்பில் வைத்துப் பூட்டினாள். ஒரே சொத்துக்கு இரண்டு காவல்காரிகள். மீன் விற்று முடிந்த ஓய்வில் வேனுக்குப் பின்னால் நின்று படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். சவேரியார் பாரில் எவ்வளவு களவா நிற்கும், செபஸ்தியாரில் எவ்வளவு வெளமீன் ஏறும் என்று எண்ணியெண்ணி வயிறெரிவாள்.

பெண்சாதி போனைப் பூட்டினால் எந்த ஆம்பிளைக்கும் உறைக்கும். பிரைட்டனுக்கும் உறைத்தது.

"என்னத்துக்குட்டி பூட்டு?"

"புள்ள எடுத்து நோண்டுது."

"புள்ள படிக்கல்லா போயிருக்கு? இப்ப என்னத்துக்கு?"

"சந்தையில எவனாவது எடுத்திட்டான்னா?"

"எடுக்கட்டும். அதுல என்ன, பாயிண்டா இருக்கு?"

குளோரிக்கு முதுகில் வேர்த்தது. அவள் முகம் மாறியதைப் பிரைட்டன் பார்த்தான், ஆனால் வேறு விதமாகப் புரிந்துகொண்டான். மீன்காரிகளைச் சந்தைக்குக் கூட்டிப்போகும் வேன்காரன் பொன்னுலிங்கம் நன்றாகத் தலைசீவுகிறவன். மறுநாள் முதல் பிரைட்டன், முதுகுவலி என்று கடலுக்குப் போகாமல், வேனில் ஏறிப் புதுக்கடைக்கு வர ஆரம்பித்தான். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, பொன்னுலிங்கத்தின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தான். பொன்னுலிங்கம் பாவம், ஒன்றும் புரியாமல் அவனுக்குப் பீடி கொடுத்தான். தனக்காகவும் ஒருத்தன் பொறாமைப்படுகிறான் என்பது குளோரிக்கு உள்ளூர ஒரு சுகமாகத்தான் இருந்தது. நாலைந்து நாளில் முதுகுவலி தானாகச் சரியாயிற்று.

ஆனி மாதம். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடங்கி அடங்கி அடித்தது. விடியுமுன் போன வள்ளங்கள் மதியத்துக்குள் திரும்பிவிட்டன. லிஜினின் வள்ளம் மட்டும் வரவில்லை. அவனைக் கடைசியாக வயர்லெஸ்சில் கேட்டவர் ஏசுஅடிமை, பிரைட்டனைவிட வயசில் மூத்த வள்ளக்காரர். மணலில் கூடி நின்றவர்களிடம் திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

"எஞ்சின் மக்கர் பண்ணுது, சரியாக்கிட்டு வாறேன்னான். எந்தப் பக்கம்லே நிக்கியான்னு கேட்டேன். மேக்க, கொளச்சலுக்கு நேரேன்னான். ஆளு வரணுமாலேன்னு கேட்டேன். வாண்டாம், சின்ன கோளாறுதான்னு சொன்னான். பொறவு சத்தம் இல்ல."

வயர்லெஸ்சில் ஒருவன் பேசினால் எல்லா வள்ளத்திலும் கேட்கும். உண்மையான இடத்தைச் சொன்னால் பாரு ஊருக்கே தெரிந்துவிடும். எஞ்சின் நின்று, காற்று ஏறிக்கொண்டிருந்த நேரத்திலும் லிஜின் வழக்கம்போல் பொய்யைத்தான் சொல்லியிருந்தான். அவன் மேற்கே என்றால் மேற்கே இருக்கமாட்டான் என்று கரையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மேற்கை விட்டால் மிச்சக் கடல் முழுவதும் கிடக்கிறதே. இருந்தாலும் சொன்ன இடத்தைப் பார்க்காமல் விடமுடியாது என்று வள்ளங்கள் மேற்கே போயின. பிரைட்டன் முதல் ஆளாகப் போனான். இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக வெறுங்கையோடு திரும்பின.

ரெஜிஷா மணலில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி என்று யாரோ ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள்.

"ஒனக்கும் தெரியாதா மக்கா, எந்தப் பாருல நிப்பான்னு?" என்று ஏசுஅடிமை கேட்டார்.

"எனக்கிட்டச் சொல்லமாட்டாரே. ஜிபிஎஸ் பெட்டிய மட்டும்தான் தருவாரு. தொறந்து பாத்தா கையொடிப்பேன்னு சொல்லிப்போட்டாரு. இன்னைக்கி அந்தப் பெட்டியும் அவருட்டல்லா இருக்கு?"

குளோரி அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். போன் இடுப்பில் இருந்தது. பவுடர் கலைந்து, சேலையெல்லாம் மணலாக, எல்லாரையும்போல் ஒருத்தியாக ரெஜிஷா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், குளோரியின் மனசு குளிர்ந்தது. உடனே அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பிரைட்டன் நனைந்த துணியோடு மணலில் குந்தியிருந்தான். கையை முறிப்பேன் என்று அவன் சொன்னது காதில் கேட்டது. ஊரே கூடி நிற்கிறது. கொழுந்தனின் பாயிண்டைத் திருடியவள் என்று நாளைக்குச் சந்தைவரை பேர் போகும். காலையில் அவனே கரைக்கு வந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் வாயை மூடினாள்.

விடிந்தது. அவன் வரவில்லை. காற்று இன்னும் ஏறியிருந்தது.

குளோரி பால் விடாத கட்டன்சாயா போட்டு எடுத்துக்கொண்டு ரெஜிஷாவின் வீட்டுக்குப் போனாள். அவள் சமையலறையில் டைல்ஸ் தரையில் சுவரோடு சாய்ந்திருந்தாள். குளோரி கதவைச் சாத்தினாள். டம்ளரை நீட்டவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்து, எண்ணை அமுக்கி, படத்தைத் திறந்து நீட்டினாள்.

"என்னதுக்கா இது?"

"ஒனக்க மாப்பிளைக்க பாயிண்டு. தக்கலையில வச்சி எடுத்தேன்."

ரெஜிஷா படத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி போனைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாராவது பார்த்துவிட்டார்களா என்று. அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது. அதைக் கண்டதும் குளோரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவன் கடல்ல கெடக்கான். நீ யாருக்கு ஒளிச்சி வைக்கியா?"

ரெஜிஷாவின் கை தளர்ந்தது. "எத்தன இருக்கு இதுல?"

"எல்லாம் இருக்கு. எஞ்சின் நின்னா பாருல நங்கூரம் போட்டுட்டுத்தான் கெடப்பான். ஏதோ ஒண்ணுல நிப்பான். எதுலன்னு தெரியாது. ஒரு வள்ளம் போயி ஒவ்வொண்ணா பாத்துட்டு வரணும்னா நேரமில்ல. ஆளுக்கொரு பாருன்னு எல்லா வள்ளத்துக்கும் குடுக்கணும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

ரெஜிஷா கண்ணை மூடித் திறந்தாள். பிறகு அழவில்லை. "அக்கா, இத நான் எடுத்ததா இருக்கட்டும். அன்னைக்கித் தக்கலையில எனக்க போன்ல சார்ஜ் இல்ல, ஒங்க போன்ல எடுத்தேன்னு சொல்லியேன். ஒங்க கையில குடுத்தேன்னு அவரு அறியப்பிடாது. ஒங்களுக்கும் மானம் போவாண்டாம், எனக்கும் அடி விழாண்டாம்."

அவள் போனோடு கடற்கரைக்கு ஓடினாள். கர்ப்பிணி அப்படி ஓடக்கூடாது. ஓடினாள். ஏலம் விடுகிற மேடையில் ஏறி நின்று, சவேரியார், அந்தோணியார் என்று பெயரைச் சொல்லி எண்களைச் சத்தமாக வாசித்தாள். காற்றை மீறி வாசித்தாள். வள்ளக்காரர்கள் அவரவர் ஜிபிஎஸ்சில் அடித்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் போக்குக் காட்டிக் காப்பாற்றிய பாருகளெல்லாம் ஒரு சாயா குடிக்கிற நேரத்தில் ஊர்ச்சொத்தாகிவிட்டன. தெற்கே, நினைத்தே பார்க்காத தெற்கே, அவற்றில் பாதி இருந்தன.

பிரைட்டன் போனைப் பார்த்தான். பிறகு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற குளோரியைப் பார்த்தான். வள்ளத்தைத் தள்ளினான்.

மதியத்துக்குள் கிடைத்துவிட்டார்கள். சவேரியார் பாரில் நங்கூரக் கயிறு கடைசி இழையில் நிற்க, வள்ளத்தில் முக்கால்வாசி தண்ணீர் ஏறி, அதை மூன்று பேரும் வெறும் கையால் இறைத்துக்கொண்டிருந்தார்களாம். கண்டுபிடித்தவர் ஏசுஅடிமை. அவர் வள்ளம் பக்கத்தில் போனதும் லிஜின் உதடு வெடித்த வாயால் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை. "இந்த எடம் ஒமக்கு எப்பிடி ஓய் தெரியும்?" என்று கேட்டானாம். இதை ஏசுஅடிமை சொல்லிச் சொல்லிக் கரையே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் புகழ்ச்சி ஆரம்பித்தது. ரெஜிஷாவுக்குத்தான். என்ன புத்தி, என்ன முன்யோசனை, புருஷன் பூட்டி வைத்ததை அவனுக்கே தெரியாமல் படமெடுத்து வைத்தாளே. தண்ணிக்குழாயடியில் அதே பேச்சு. ஏலத்தில் அதே பேச்சு. பெட்டியைத் திறந்தால் கையை ஒடிப்பேன் என்று மிரட்டிய லிஜினே இப்போது பெண்சாதி பெயரைச் சொன்னால் கண்கலங்கினான். ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசையில் சாமியார், ஞானமுள்ள மனைவி வீட்டுக்குக் கிடைத்த வரம் என்று பிரசங்கம் வைத்தார். ரெஜிஷா முன்வரிசையில் புதுச்சேலையில் தலைகுனிந்து நின்றாள். தலைகுனிந்து நின்றதுகூட அவளுக்கு அழகாக இருந்தது.

குளோரிக்கு உயிர் போயிற்று. டைல்ஸ் போட்டதைப் பொறுத்தாள், கிரைண்டரைப் பொறுத்தாள். தான் எடுத்த படத்துக்கு, தன் போனில், தன் கையால் எடுத்த படத்துக்கு ரெஜிஷாவுக்குப் பிரசங்கமா? திருட்டாகவே இருக்கட்டும், தன்னுடைய திருட்டுத்தானே. வீட்டில் பிரைட்டன் அவளோடு பேச்சை விட்டிருந்தான். போன் பூட்டின் காரணம் அவனுக்குப் புரிந்துவிட்டது, அதைப் பற்றி அதற்குப் பிறகு கேட்கவே இல்லை, பொன்னுலிங்கத்தைப் பார்த்தால் வலியச் சிரித்தான். லிஜினின் பாருகளுக்கு ஊர் வள்ளமெல்லாம் போனது. பிரைட்டன் மட்டும் போகவில்லை. திருடியும் அவளுக்கு ஒரு களவா கிடைக்கவில்லை.

பூசை முடிந்து லிஜின் வீட்டில் சாப்பாடு. முற்றத்தில் பந்தல். காலையிலிருந்து தேங்காய் துருவியதும் மீன் அரிந்ததும் குளோரி. நெய்மீன் கறியும் பொரித்த வெளமீனும் இலையில் விழ, ஆண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அண்ணன், தம்பி, நடுவில் ஏசுஅடிமை. ரெஜிஷா சோறு விளம்பினாள். குளோரி பின்னால் கறிச்சட்டியோடு வந்தாள்.

"உயிரோட இந்தச் சோத்தத் திங்கேன்னா இவளாலதான்," என்றான் லிஜின், பெண்சாதியைக் காட்டி. "நான் இவள ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சேன், கேட்டியரா. எவ்வளவு புத்தி பாரும்."

"சும்மா இருங்க. சோறு போரும்ணா கைய மறைங்க," என்றாள் ரெஜிஷா.

"நான் சொல்லியேன், இந்தப் புத்தி கரையில வேற எந்தப் பொம்பளைக்கும் வராது." லிஜின் சந்தோஷத்தில் இருந்தான், அதனால் அங்கேயே நிறுத்தாமல் சிரித்தபடி குளோரியைப் பார்த்தான். "எங்க மயினி நாள் முழுக்கப் போனை இடுப்புல செருகிட்டுத் திரியா. அதுல இப்பிடி ஒரு காரியம் செய்யலாம்னு அவளுக்குத் தோணிச்சா?"

குளோரி கறிச்சட்டியைத் தரையில் வைத்தாள்.

"நான்தாம்லே எடுத்தேன்."

"என்னது மயினி?"

"அந்தப் படம் அத்தனையும் நான் எடுத்தது. தக்கலையில கடவாசல்ல நின்னு எடுத்தேன். அவ எடுக்கல. அவளுக்கு எந்தப் பொத்தான் எதுன்னுகூடத் தெரியாது. ஒனக்க பாருல எங்க வள்ளத்தக் கொண்டு நிறுத்தணும்னு எடுத்தேன். திருடத்தான் எடுத்தேன். போருமா?"

பந்தலில் எல்லாருடைய கையும் இலையில் நின்றது. பிரைட்டன் கண்ணை மூடிக்கொண்டான். குளோரிக்கு அப்போது நெஞ்சு நிறைந்து மூச்சு வந்தது. வாரக்கணக்காக அடைத்திருந்தது போய்விட்டது. ஊர் காறித் துப்பட்டும், தன்னுடையது தனக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

ஆனால் லிஜின் அவளைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி, சோற்றுப்பாத்திரத்தோடு நின்ற பெண்சாதியைப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு போயிருந்தது.

"அப்பம் நீ பெட்டிய இவ கையில குடுத்தியா?"

ரெஜிஷாவின் முகம் வெளுத்தது. குளோரிக்கு அப்போதுதான் தான் செய்தது புரிந்தது. தன்னைக் காப்பாற்ற அவள் சுமந்த பொய்யை, அவள் தலையிலேயே போட்டு உடைத்தாயிற்று. "லிஜினு, அவளுக்கு வயித்தப் பெரட்டிச்சி, அதான்..." என்று குறுக்கே வந்தாள்.

"நீங்க பேசாம இருங்க அக்கா," என்றாள் ரெஜிஷா. பாத்திரத்தை இடுப்பில் மாற்றி வைத்தாள். புருஷனை நேராகப் பார்த்தாள்.

"குடுத்தேன். குடுக்காம இருந்திருந்தா இந்த எலையில இன்னைக்கி ஒங்க பேருக்குத்தான் சோறு போட்டிருப்பேன். தின்ன நீங்க இருந்திருக்க மாட்டிய."

ஏசுஅடிமை தொண்டையைச் செருமி, "கறி ஆறுது, தின்னுங்கலே," என்றார். லிஜின் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். ரெஜிஷா அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

குளோரி கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, ரெஜிஷாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் புருஷன் முகத்தைப் பார்த்து, ஊருக்கு நடுவில், அப்படி ஒரு வார்த்தை சொல்ல இத்தனை வருஷத்தில் தனக்கு வாய் வரவில்லையே என்று நினைத்தபோது, அதற்கும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.